பசுவைப் பற்றிய ஐயங்கள்

ஜூன் 3, ஞாயிறு

நோட்டீஸ் வந்துவிட்டது. ஐந்நூறு பிரதி. ஐந்நூறிலும் மாடு.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "பதி, பசு, பாசம். எளிய தமிழில் சைவ சித்தாந்த வகுப்பு. ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணி, சங்கக் கட்டட மாடி. பசுவைப் பற்றிய ஐயங்களுக்குத் தக்க விளக்கம் அளிக்கப்படும். நடத்துபவர்: சித்தாந்தச் செம்மல் கோமதிநாயகம்." அச்சகத்துப் பையன் இதைப் பக்தியோடு படித்துவிட்டு, மூலையில் காலியாகக் கிடந்த இடத்தில் மடி பெருத்த பசு ஒன்றைக் கன்றோடு நிறுத்திவிட்டான். ஏன் இப்படிச் செய்தாய் என்றால், "அழகா இருக்கட்டும்னுதான் சார். மாட்டுக்குத் தனியாத் துட்டு கேக்கலயே" என்கிறான்.

சித்தாந்தத்தில் பதி என்றால் கடவுள். பசு என்றால் உயிர். பாசம் என்றால் அந்த உயிரைக் கட்டிப் போட்டிருக்கும் கயிறு. ஊரில் பசு என்றால் பால் கறப்பது, பாசம் என்றால் தாய் பிள்ளைமேல் வைப்பது. கேட்கிறவனுக்கு எல்லாமே தப்பாகப் புரியும்படி பெயர் வைத்துவிட்டுப் போன முன்னோர்களைச் சொல்ல வேண்டும். 'செம்மல்' பட்டம் நான் ஓய்வுபெற்ற பிறகு தபால் வழியில் படித்து வாங்கியது. தபால்காரர் அதை நடையில் எறிந்துவிட்டுப் போனார்.

பின்பக்கம் என் வாழ்க்கைக் குறிப்பு. "தந்தையார் சங்கரலிங்கம் அவர்கள் போக்குவரத்துத் துறையில் நெடுங்காலம் தொண்டாற்றியவர்." பிரைவேட் பஸ் கண்டக்டர் என்று போட்டிருக்கலாம். இடம் போதவில்லை.

வகுப்புக்கு ஏழு பேர். தூங்காதவர்கள் நான்கு. சுண்டல் வந்ததும் ஏழு பேரும் விழித்திருந்தார்கள்.

அப்பா வழக்கம்போல.

ஜூன் 4, திங்கள்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். அடுத்த வாரத்துக்கான உரையை எழுத உட்கார்ந்தால் அப்பாவின் அறையிலிருந்து டங், டங்.

போன ஐப்பசியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா படுக்கைதான். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போனது. மிச்சம் இருப்பது ஒரு சொல், அதுவும் பாதிச் சொல்: "போ... ம்." இதைத் தவிர இடது கை இருக்கிறது. அதில் பழைய இரும்பு மோதிரம் ஒன்று. அந்த மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். ஒரு நேரம் ஒரு தட்டு, ஒரு நேரம் இரண்டு. தாளமும் இல்லை, கணக்கும் இல்லை. உயிர் என்பது உடம்புக்கு வேறான அறிவுப் பொருள் என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது டங். அதை நிறுவச் சான்று தேடும்போது டங், டங்.

மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன். விரல் வீங்கியிருக்கிறது, வரவில்லை. கடைசியில் ஒரு பழைய துண்டைக் கம்பியில் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிவிட்டேன். இப்போது தட்டினாலும் கேட்பதில்லை. என் மனைவி உலகம்மாள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா என்னமோ சொல்ல வாராவ. அதப்போயி அடைக்கியோ?"

"நரம்புத் தளர்ச்சி. டாக்டரே சொன்னாரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஜூன் 5, செவ்வாய்

வீட்டில் அமைதி. உரை ஆறு பக்கம் ஓடியது.

ஜூன் 6, புதன்

டாக்டர் ஜெபராஜ் வந்தார். எங்கள் தெருக்கோடியில் இருப்பவர், கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார். அப்பாவுக்கு ஒரு ஸ்பூன் கஞ்சி கொடுக்கச் சொல்லித் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். கஞ்சி உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. அப்பா இருமினார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. உலகு முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் டவல் எடுத்து வரப் போனேன். டவல் அந்த அறையிலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

முற்றத்தில் வைத்து டாக்டர் சொன்னார். "அண்ணாச்சி, விழுங்குற சக்தி கொறஞ்சிட்டு. இனிமே வாய்வழியாக் குடுத்தா நுரையீரலுக்குள்ள போயிரும். மூக்கு வழியா டியூப் போட்டு அதுல கஞ்சி, மருந்து குடுக்கலாம். கொஞ்ச நாள் தெம்பா இருப்பாரு, எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது. போடாம இப்படியே வச்சுப் பாக்கதுன்னாலும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். பெரியவருக்கு வயசு ஆயிட்டு. வீட்ல பேசி முடிவு பண்ணுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வாரேன். அதுக்கு மேல தள்ளக்கூடாது."

உள்ளேயிருந்து அப்பா "போ... ம்" என்றார்.

"பாத்தீங்களா டாக்டர்? 'போதும்'ங்காரு."

"அப்படியா சொல்லுதாரு?"

"வேற என்ன?"

உலகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 7, வியாழன்

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன் என்று எழுதலாம். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போது முடிவு தானாக வந்தது.

உடம்பு என்பது உயிருக்குக் கிடைத்த வாடகை வீடு. வாடகைக் காலம் முடிந்த பிறகு சுவரில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகி வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டுவது அறியாமை. போகிற உயிரை இழுத்துப் பிடிப்பது அன்பில்லை, பாசம். பாசத்தை அறுப்பதுதான் சித்தாந்தம். அப்பாவே போதும் என்கிறார். பெற்ற தந்தையின் சொல்லை மகன் மீறலாமா?

இதை உலகுவிடம் சொன்னேன். கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடுதான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆகும் என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"என்ன நல்லாருக்கு?"

"பேச்சு. மாமா மேலுக்குத் தண்ணி தொட்டுத் தொடைக்கது நான், பொரட்டிப் போடுதது நான், பீத்துணி அலசுதது நான். எனக்குப் போதும்னு தோணல. ரூமுக்குள்ளயே வராத ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்குத் தோணல. அவரு சொல்லுதாரு."

"ஒங்களால பாக்க முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. சாமிய எதுக்கு நடுவுல இழுக்கியோ?"

பெண்களுக்குத் தத்துவப் பயிற்சி இல்லை. கீரையில் மண் இருந்தது.

ஜூன் 10, ஞாயிறு

இன்றைக்கு வகுப்பில் பொருள் 'பசு'. எட்டாவதாக ஓர் ஆள் வந்திருந்தது. பெண். ஐம்பது வயதிருக்கும். கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் நான்காக மடித்த எங்கள் நோட்டீஸ். செருப்பை வாசலில் விடாமல் கையோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். நோட்டீஸைப் பார்த்து வந்த முதல் ஆள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பசு அநாதி" என்று ஆரம்பித்தேன். ஆரம்பம் இல்லாதது என்று பொருள் சொல்லப் போகும் முன்னே அவள் தலையை ஆட்டினாள்.

"ஆமா அண்ணாச்சி. அநாதயாத்தான் கெடக்கு."

இவ்வளவு சீக்கிரம் ஒருவர் உருகி நான் பார்த்ததில்லை. மேலே போனேன். "பசு பாசத்தால் கட்டுண்டு கிடக்கிறது."

"கட்டல அண்ணாச்சி. அவுத்துதான் விட்டிருக்கேன்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எனக்கு உறைக்கவில்லை. ஞானிகளுக்கு வருகிற பதில்போல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். "பசு தானாக எழாது. பதி வந்துதான் அதை எழுப்ப வேண்டும்."

"டாக்டரு வந்து மூணு ஊசி போட்டாரு. எழும்பலயே."

வகுப்பு முழுவதும் வெடித்துச் சிரித்தது. காது மந்தமான சண்முகவேல் பிள்ளைகூடச் சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு நோட்டீஸை விரித்து மாட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இதுல பசுவப் பத்திச் சந்தேகம் கேக்கலாம்னு போட்டிருக்கு. எம்மவ படிச்சுச் சொன்னா. தப்பா வந்துட்டனா?"

அவள் பெயர் பேச்சியம்மாள். ஆலங்குறிச்சியில் இருந்து பால் ஊற்ற டவுனுக்கு வருகிறவள். அவளுடைய செவலைப் பசு கன்று போட்ட மறுநாளில் இருந்து எழுந்திருக்கவில்லை. மாட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். தரகர் ஒருவர் வியாழக்கிழமை வண்டி கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார், அடிமாட்டுக்கு. வீட்டுக்காரர் கொடுத்துவிடு என்கிறார். இவளால் முடிவுக்கு வர முடியவில்லை.

"குடுத்தாப் பாவமா, குடுக்காமக் கெடக்க விட்டாப் பாவமா? ரெண்டுல எது? கோயில் பூசாரிட்டக் கேட்டேன், கெடா வெட்டுன்னாரு. ஒரு உசுருக்கு இன்னொரு உசுரான்னு வந்துட்டேன். பக்கத்துல ஊழியக்காரர் ஒருத்தரு இருக்காரு, அவரு ஜெபம் பண்ணாரு. நல்லாத்தான் பண்ணாரு. மாடு எழும்பல. நீங்க பசுவுக்குன்னே படிச்சிருக்கீயளே, சொல்லுங்க."

சித்தாந்தச் செம்மல் தன் குறிப்பைப் புரட்டினார். உயிரின் இலக்கணம் இருந்தது. வகை இருந்தது. எல்லா உயிரும் ஒரே மாதிரி உயிர்தான் என்றும் இருந்தது. வியாழக்கிழமை வண்டி வந்தால் என்ன செய்வது என்று இல்லை.

"அடுத்த ஞாயிறு சொல்லுதேன்மா" என்றேன்.

"வண்டி வியாழக்கெழம வருதே அண்ணாச்சி."

"பாப்போம்."

"நேர்ல வந்து பாத்துட்டே சொல்லுங்க. மினிபஸ் வீட்டு முன்னாலயே நிக்கும்" என்று வழி சொல்லிவிட்டு, சுண்டலை வாங்கித் தூக்குவாளி மூடியில் போட்டுக்கொண்டு போனாள். செருப்பு ஒன்றை மறந்துவிட்டுப் போய், திரும்ப வந்து எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 11, திங்கள்

அப்பா காலையில் இரண்டு ஸ்பூன். மாலையில் இல்லை. துண்டு சுற்றிய கம்பியில் கை மட்டும் அசைகிறது.

குழம்பில் உப்பு அதிகம். உலகுவின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். குழம்பில் வெங்காயம் இல்லை.

ஜூன் 12, செவ்வாய்

வீட்டில் உள்ள நூல்களையெல்லாம் இறக்கித் தூசி தட்டித் தேடினேன். தும்மல்தான் கிடைத்தது. பசு என்ற சொல் வராத பக்கம் இல்லை, மாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர்கள் யாரும் மாடு வளர்க்கவில்லை போலும்.

பேச்சியம்மாளுக்குச் சொல்ல ஒரு பதில் தயார் செய்ய முயன்றேன். "உடம்பு வாடகை வீடு, வாடகைக் காலம் முடிந்தது" என்று தொடங்கினேன். அப்பாவுக்கு எழுதியது அப்படியே மாட்டுக்கும் பொருந்துகிறது. ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. அப்படியானால் தரகரோடு அனுப்பிவிடலாம் என்று முடிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

ஜூன் 13, புதன்

டாக்டருக்கு போன் செய்தேன். "டியூப் வேண்டாம் டாக்டர். அப்பாவே போதும்னுட்டாரு."

"சரி அண்ணாச்சி. ஒங்க மனசுக்குச் சமாதானம்னா சரி. எதுக்கும் வெள்ளிக்கெழம வந்து பாக்கேன்" என்றார்.

மனசுக்குச் சமாதானம்தான். நெஞ்சுக்கரிப்புக்கு மட்டும் ஒரு மாத்திரை போட்டேன். உலகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். வகுப்பில்கூட இவ்வளவு அமைதி எனக்குக் கிடைத்ததில்லை.

ஜூன் 14, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். கருணையால் இல்லை. உலகு பேசாத வீட்டில் உட்கார முடியவில்லை. தவிர, எனக்குத் தெரிந்த ஒரே சீடப்பிள்ளை முன்னால் தோற்றுப்போக மனசில்லை. சட்டைப் பையில் இரண்டு பக்க விளக்கம் மடித்து வைத்திருந்தேன்.

செவலை வைக்கோல்மேல் படுத்திருந்தது. ஒருபக்கமாகச் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் சாக்குமூட்டை அண்டக் கொடுத்திருந்தார்கள். ஈ மொய்த்தது. பேச்சியம்மாள் அதன் கண்ணோரத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, கன்று வேறொரு பசுவின் பாலைப் பாட்டிலில் குடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "நீங்கதான் மாட்டுச் சாமியாரா?" என்றார். ஆம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்ல இரண்டு பக்கம் ஆகும்.

தரகரின் வண்டி வந்து நின்றது. பேச்சியம்மாள் எழுந்து என் முன்னால் வந்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

பையில் கை வைத்தேன். செவலை என்னைப் பார்த்தது. மாடு பார்ப்பதில் ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும்தான் பார்க்கும். ஆனால் என்னால் அந்தத் தாளை எடுக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

இத்தனை வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் சொல்லிப் பார்த்ததில்லை. தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. சைவன் எனக்கு மீன்முள் எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது.

"தெரியலயா? ஒங்களுக்கே தெரியலன்னா நான் எங்க போக?" என்றவள் மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். "வாயில்லாச் சீவன். வாய் இருந்தா அதுட்டயே கேட்டிருப்பனே. ஏட்டி, வண்டியில ஏறுதியா, இங்கனயே கெடக்கியான்னு. அது சொல்லாம, அது சொன்ன மாதிரி நானா எப்படி ஒரு பதிலச் சொல்ல?"

பிறகு தரகரைப் பார்த்து, "நீங்க போங்க அண்ணே. கெடக்கட்டும். இருக்க மட்டும் தண்ணி ஊத்துதேன்" என்றாள். வீட்டுக்காரர் ஏதோ கத்தினார். அவளும் கத்தினாள். அவள் எடுத்த முடிவு சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது. மாடு வலியில் கிடந்தது. வண்டியில் ஏற்றியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

"அது சொன்ன மாதிரி நானா எப்படி." இது மட்டும் என்னோடு மினிபஸ்ஸில் ஏறிக்கொண்டது.

மினிபஸ் கண்டக்டர் சின்ன வயசு. விசில் தொலைந்துவிட்டது போலிருக்கிறது. ஆள் இறங்க வேண்டுமென்றால் கையில் கிடந்த மோதிரத்தால் மேலே இருந்த கம்பியில் ஒரு தட்டு. வண்டி நின்றது. ஆள் ஏறியதும் இரண்டு தட்டு. "போலாம்!" வண்டி நகர்ந்தது.

டங். நின்றது.

டங், டங். "போலாம்!" நகர்ந்தது.

நான் கண்டக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை. அதற்கடுத்ததும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் வண்டி காலியான பிறகு அந்தப் பையன், "ஐயா, எறங்கல?" என்றான். அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். பையன் பயந்துபோய் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து செருப்போடு அப்பாவின் அறைக்குள் போனேன். கம்பியில் நான் சுற்றிய துண்டு அவிழவில்லை. முடிச்சை அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருக்கிறேன். கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தேன். பாசத்தை அறுப்பது எப்படி என்று ஊருக்குச் சொல்கிறவன் சொந்த வீட்டில் போட்ட முடிச்சு அது.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டருகே கொண்டுபோய், "அப்பா, தண்ணி?" என்றேன்.

டங், டங். "போ... ம்."

உதட்டை நனைத்தேன். இன்னும் நனைத்தேன்.

டங்.

நிறுத்தினேன்.

உலகு வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்து, "போதும் இல்ல உலகு, போலாம். இவரு 'போலாம்'னுல்லா சொல்லிட்டிருக்காரு" என்றேன். எட்டு மாசமாக அந்த மனிதர் இரண்டு தட்டுத் தட்டி வண்டியை எடு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த நான் இறங்கி ஆன்மாவைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் போயிருந்தேன்.

"ஒங்க அப்பா கண்டக்டர்லா? ஒங்களுக்குத் தெரியாண்டாமா?" என்றாள் உலகு. எட்டு நாளில் அவள் என்னோடு இவ்வளவு மென்மையாகப் பேசியதில்லை.

டியூப் விஷயத்தை உடனே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இனிமேல் அவர் சொன்னார் என்று நானாக எதையும் சொல்ல முடியாது. ஒரு தட்டுத் தட்டிவிட்டால் என்ன செய்வது? போன வாரம் அது எனக்குத் தத்துவம். இன்றைக்கு அது என் அப்பா. நாளை டாக்டர் வரட்டும்.

ஜூன் 15, வெள்ளி

டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டில் கம்பியைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானும் இந்தக் கையப் பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மடத்தனத்திலும் துணை இருந்தால் தெம்புதான்.

அவரையே கேட்கச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். "நீங்க கேளுங்க அண்ணாச்சி."

கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, சத்தமாகச் சொன்னேன். "அப்பா, இனிமே ஒங்களால முழுங்க முடியாது. மூக்கு வழியா ஒரு குழாய் போடணுங்காரு டாக்டர். போடும்போது சங்கடமா இருக்கும். போடலன்னா..." அங்கே நின்றுவிட்டேன். பிறகு சொல்லி முடித்தேன். "போடலன்னா ரொம்ப நாள் இருக்க மாட்டீங்க. போடட்டுமா?"

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு கடவுளையும் கூப்பிடவில்லை. மறந்துவிட்டது.

டங், டங்.

"இன்னொரு வாட்டி கேளுங்க" என்றார் டாக்டர். கேட்டேன்.

டங், டங். இந்தமுறை பலமாக. கூடவே ஒரு பார்வை. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு உள்ளே போகாமல் நிற்கிற ஆளைக் கண்டக்டர் பார்க்கும் பார்வை.

டாக்டர் குழாயைப் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, அப்பாவுக்கும் எனக்கும். டவல் எடுத்து வருகிறேன் என்று நான் வெளியே போகவில்லை. பிடித்துக்கொள்ள அப்பா இடது கையைக் கொடுத்தார். மோதிரம் என் விரலை நசுக்கியது.

ஜூன் 17, ஞாயிறு

வகுப்பில் முதல் வேலையாக நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். "என் தந்தையார் பஸ் கண்டக்டர்." சண்முகவேல் பிள்ளை, "தெரியுமே! அவரு வண்டியிலதான் நான் தெனமும் காலேசுக்குப் போனேன். சில்லறை பாக்கி வச்சதே இல்ல மனுசன்" என்றார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் நான் யாரிடம் மறைத்தேன்?

பேச்சியம்மாள் வந்திருந்தாள். செவலை நேற்று மதியம் செத்துப்போனது. குளத்தங்கரையில் குழிவெட்டிப் புதைத்தார்களாம். கன்று நன்றாக இருக்கிறது.

"இனி ஒரே ஒரு சந்தேகம் அண்ணாச்சி. அது எங்க போயிருக்கும்?"

"தெரியலம்மா."

இரண்டாம் முறை சொல்லும்போது அவ்வளவு குத்தவில்லை. அவளும் கோபப்படவில்லை. "சரி, தெரிஞ்சாச் சொல்லுங்க" என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். இன்றைய பொருள் பாசம். என்ன பேசினேன் என்று நினைவில்லை. யாரும் தூங்கவில்லை என்று உலகுவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஜூன் 20, புதன்

குழாயில் கஞ்சி ஊற்ற இப்போது எனக்கும் தெரியும். முதல் தடவை பாதி என் வேட்டியில். அப்பா ஒரு தட்டு. துடைத்துவிட்டு வந்ததும் இரண்டு தட்டு. கண்டிப்பான மனிதர்.

ஜூன் 23, சனி

நாளைய உரையை அப்பாவிடம் வாசித்துப் பார்க்கலாம் என்று அவர் அறைக்கே நாற்காலியைக் கொண்டுபோனேன். நல்ல கேட்பாளர், எழுந்து போக முடியாதவர்.

"உயிர் அழிவற்றது. உடம்பு மாறும், உயிர் மாறாது. ஆகவே இறப்பைக் கண்டு..."

டங்.

நிறுத்தினேன். அவர் கண்ணை மூடியிருந்தார். தூக்கமாக்கும் என்று மெல்ல மறுபடி தொடங்கினேன். "ஆகவே இறப்பைக் கண்டு..."

டங்.

பக்கங்களை மடித்துப் பையில் வைத்தேன். பேச ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் பேச ஒன்றும் இருந்ததில்லை. ஜன்னலில் காற்று அடித்தது. அடுக்களையில் உலகு மிளகாய் வறுத்தாள், இருவரும் இருமினோம். அவருக்குத் தொந்தரவாக இருக்கிறதோ என்று எழுந்தேன்.

"நான் போகட்டுமாப்பா?"

டங்.

ஒரு தட்டுதான். இன்னொன்று வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.